கண்ணில் படாமலா உள்ளே போகிறது?
சினைப்பைப் புற்றுநோய் நம் எதிர்ப்பு சக்தியின் கண்ணிலேயே படாது, அதனால்தான் இம்யூனோதெரபி (எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் சிகிச்சை) எடுபடவில்லை என்று கட்டுரையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் கூக்கோஸ் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் குழு 186 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2003-லேயே எழுதிவிட்டது. கட்டிக்குள் டி செல்கள் (எதிர்ப்பு சக்தியின் சிப்பாய்களான வெள்ளை அணுக்கள்) புகுந்திருந்தவர்களில் 38 சதவீதம் பேர் 5 வருடம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், புகாதவர்களில் வெறும் 4.5 சதவீதம். அப்படியென்றால் டி செல் உள்ளே போகிறது, போன இடத்தில்தான் புற்றுநோய் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. அப்புறம், மேலே ஒருவர் கீட்ரூடா என்ற இம்யூனோதெரபி மருந்தைப் போட்டால் போதும் என்கிறார். அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த கீநோட்-100 ஆய்வில் கட்டி நன்றாகச் சுருங்கியது நூற்றுக்கு எட்டு பேருக்குத்தான். இதே நோய் வந்த என் சித்திக்கும் இந்த மருந்தைக் கேட்டோம், டாக்டர் "பணத்தைக் கரைக்காதீங்க, முதல்ல பிஆர்சிஏ டெஸ்ட் எடுங்க" என்றார். பிஆர்சிஏ மரபணுவில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பாசிட்டிவ். கீமோ முடிந்து இப்போது அந்தக் கோளாறு இருந்தால் நன்றாக வேலை செய்யும் ஓலாபரிப் மாத்திரை, காலையில் இரண்டு ராத்திரி இரண்டு.