விலை நியூயார்க்கில், மரம் ஏற்காட்டில்
மர நிழலில் வளரும் காபிக்கு நல்ல விலை கிடைத்தால் மலையும் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. விலை விழுந்தால்? அராபிகா என்ற காபி வகையின் விலை முடிவாவது நியூயார்க் சந்தையில். எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று சர்வதேச காபி ஒப்பந்தம் வைத்திருந்த ஒதுக்கீடு 1989-ல் முறிந்ததும் அந்த விலை மளமளவென்று சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் ஏற்காட்டுத் தோட்டக்காரருக்குக் கைகொடுப்பது காபிக்கு நிழலாக நடும் சில்வர் ஓக் என்ற வெளிநாட்டு மரம்: நெடுநெடுவென வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம். அத்தி, பலா போன்ற நாட்டு நிழல் மரங்களில் அந்த வசதி குறைவு. எங்கள் பக்கத்தில் முதலில் வெட்டுப்பட்டுப் போனவை அவைதான். சில்வர் ஓக் சருகோ லேசில் மக்காது, காலடியில் மொறமொறவென்று கிடக்கிறது. மேலே கருத்து எழுதிய ஒருவர், நாட்டு மரத்தை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைப்பதைப் பேராசை என்கிறார். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு மரம் விற்கிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். நாட்டு மரத்தை நிறுத்திவைப்பவருக்கு யார் பணம் தருவது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.