சோலார் கரண்டில் இன்ஸ்டன்ட் ஹீட்டர்: யூனிட் கணக்கு சரி, கிலோவாட் கணக்கு?

"மாடியில 3 கிலோவாட் பேனல் இருக்கு, இன்ஸ்டன்ட் ஹீட்டரும் 3 கிலோவாட்தான். ரெண்டையும் சேர்த்துட்டா வெந்நீர் இலவசம்தானே?" சோலார் போட்ட கையோடு எல்லாரும் கேட்பது இது.

யூனிட் என்பது மொத்தம் செலவாகும் கரண்ட்; கிலோவாட் என்பது அதை இழுக்கும் வேகம். ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுவர அரை யூனிட்கூட ஆகாது, 0.47தான். ஆனால் அதே சூட்டை ஷவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓட ஓடவே ஏற்ற வேண்டுமென்றால் 8.4 கிலோவாட் தேவை. 3 கிலோவாட் ஹீட்டருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் சொச்சம்தான் கட்டுப்படியாகும். ஹீட்டரிலும் சேமிப்பு இல்லை, பேனலிலும் இல்லை. நாம் குளிப்பதோ விடியற்காலையில். பேனல் விழித்துக்கொள்வது அதற்கப்புறம்.

நெட் மீட்டரோடு ஆன்-கிரிட், அதாவது போக வர இரண்டையும் கணக்கிடும் மீட்டரோடு மின்வாரிய லைனில் இணைந்த சோலார் என்றால் பிரச்சினை குறைவு. பகலில் கொடுத்ததைக் காலையில் திரும்ப வாங்குகிறீர்கள். ஆனால் 8.4 கிலோவாட் ஒற்றை ஃபேஸில் 36 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் தனி லைன், அதிகக் கரண்ட் போனால் அணைக்கும் 40 ஆம்பியர் எம்சிபி, கசிவு வந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எதையும் விடாதீர்கள்.

பேட்டரியில் ஓட்டுவதுதான் வீண் வேலை. 48 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால், இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு 70 ஆம்பியரை நெருங்கும். அந்த வேகத்தில் இழுத்தால் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரி எழுதியிருக்கும் அளவைத் தராது. நடுவில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆனால் ஓவர்லோட் டிரிப். இன்வெர்ட்டர் வோல்டேஜ் 230லிருந்து 200க்கு இறங்கினாலே 3 கிலோவாட் ஹீட்டர் 2.3க்கு வந்துவிடும். "சூடு பத்தல" என்ற புகார் இங்கேயும் பிறக்கலாம்.

என் கட்சி இதுதான்: வெயிலைத் தண்ணீரிலேயே சேமியுங்கள், இன்ஸ்டன்ட் ஹீட்டர் மழைநாள் துணைக்கு இருக்கட்டும். நல்ல பஃப் (சூடு வெளியேறாமல் தடுக்கும் நுரை) காப்புள்ள 100 லிட்டர் தொட்டியை 25லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 4.1 யூனிட் போதும். 2 கிலோவாட் எலிமென்ட்டை (சூடேற்றும் கம்பியை) டைமர் வைத்து நண்பகலையொட்டி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் வேலை முடிந்தது. மிச்சம் பிடிக்கிறேன் என்று 40 டிகிரியில் நிறுத்த வேண்டாம். வெதுவெதுப்பாகவே கிடக்கும் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். மாடியில் குழாய் வகை சோலார் ஹீட்டர் ஏற்கனவே இருந்தால் இந்த எலிமென்ட்டும் வேண்டாம்.

சோலார் ஹீட்டருக்குப் பின்னால் இன்ஸ்டன்ட் ஹீட்டரைச் சேர்க்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளே வரும் சூட்டைப் பார்த்து வாட்டைக் குறைக்கத் தெரியாத மலிவு ஹீட்டர், 50 டிகிரியில் வந்த தண்ணீரையும் 20 டிகிரி ஏற்றி 70ஆகத் தலையில் கொட்டும். உள்நுழையும் நீரின் சூட்டு வரம்பு மேனுவலில் இருக்கும், வாங்கும் முன் பாருங்கள். கேஸ் ஹீட்டரில் கதை வேறு: சோலார் நீர் 40 டிகிரியில் வந்தால் தேவை 5 டிகிரிதான், ஆனால் அதன் மிகச் சிறிய தீயே அதைவிடப் பெரிது. அணைந்து அணைந்து எரியும். மூன்று வழி வால்வு வைத்து, சோலார் நீர் போதுமான சூட்டில் இருக்கும்போது ஹீட்டரைத் தாண்டிப் போகவிடுங்கள். இரண்டு வழியும் சேர்ந்தபின் வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை அளவோடு வைக்கும் மிக்ஸிங் வால்வு ஒன்று கட்டாயம். அதற்குப் பச்சைத் தண்ணீரும் அதே மேல்நிலைத் தொட்டியிலிருந்து வந்தால்தான் அழுத்தம் சமமாக இருக்கும்.

அழுத்தம் என்றதும் இன்னொன்று. ஷவருக்கு 2 மீட்டர் மேலே தொட்டி என்றால் 0.2 பார்தான். இதில் பல ஹீட்டர்களின் ஃப்ளோ ஸ்விட்ச் (தண்ணீர் ஓடினால்தான் ஹீட்டரை இயக்கும் ஸ்விட்ச்) அசையவே அசையாது. ஹீட்டர் பழுது என்று கழற்றுவதற்கு முன், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று வாளி வைத்து அளந்து பாருங்கள்.

பேனலிலிருந்து நேராக டிசியை எலிமென்ட்டுக்குக் கொடுக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. எலிமென்ட்டுக்கு டிசி, ஏசி பேதமில்லை. சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு உண்டு. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும்; டிசியில் எளிதில் அணையாது, காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் தண்ணீர் கொதித்தாலும் கரண்ட் நிற்காது. தெர்மோஸ்டாட் ஒரு டிசி கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்சை) மட்டும் இயக்கட்டும், பளுவை கான்டாக்டர் சுமக்கட்டும். தொட்டியில் சேஃப்டி வால்வையும் மறக்க வேண்டாம்.