சாமைக்கும் கலோரி உண்டு

அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினாலே எடை குறையும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. ஆறு மாதம் சாமையும் வரகுமாகச் சாப்பிட்டு ஒரு கிலோ ஏறினதுதான் மிச்சம்!

காரணம் அப்புறம்தான் புரிந்தது. சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி என்றால், சாமையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனால் "உடம்புக்கு நல்லதுதானே" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால்? அதிலும் எங்கள் வீட்டுச் சாமைப் பொங்கலில் நெய் தட்டோரம் வழிந்து நிற்கும். ஒரு மேசைக்கரண்டி நெய்யே நூறு கலோரிக்கு மேல்.

இப்போது பரிமாறும் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் இரண்டு கரண்டி பொரியல், கொஞ்சம் சுண்டல் அல்லது கெட்டிப் பருப்பு, பிறகுதான் சோறு. அதுவும் பழைய பொன்னி அரிசிதான். மறுசோறு கேட்கத் தோன்றுவதில்லை. மூன்று மாதத்தில் 3 கிலோ குறைந்திருக்கிறது.

டீயைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடச் சொல்லவில்லையே? ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. நாட்டுச் சர்க்கரை போட்டாலும் கணக்கு அதேதான். நான் இரண்டு டீ, அரை ஸ்பூன் என்று நிறுத்தினேன். முதல் வாரம் கஷாயம் குடித்த மாதிரி இருந்தது. இப்போது கடை டீ பாயசமாக இனிக்கிறது.