கடைசி முடிவு எடிட்டருடையது

"ரெண்டு ரிவியூவரும் ஓகே சொல்லிட்டா எடிட்டர் பேப்பரைப் போட்டே ஆகணும், அப்புறம் தப்பு தெரிஞ்சா எழுதினவர் மட்டும்தான் பொறுப்பு" என்று ஆய்வு இதழ்களைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தருமபுரியில் பிஎச்டி செய்யும் பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்: இது தவறு.

ரிவியூவர் என்பவர் கட்டுரையை அச்சுக்கு முன் படித்து மதிப்பிடும் துறை வல்லுநர்; அவர் தருவது பரிந்துரை மட்டும்தான். ஏற்பதா திருப்புவதா என்ற முடிவும் அதற்கான பொறுப்பும் எடிட்டருடையவை. அச்சான பிறகும் அது தீராது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010இல்தான் திரும்பப் பெற்றது. அந்தத் தாமதத்துக்குள் எத்தனை பெற்றோர் பயந்து போனார்கள்!

ரிவியூவருக்கும் கடமை உண்டு. பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளின் ஃபுளோரைடு அளவு பற்றிய கட்டுரை உங்களிடம் வருகிறது என்று வையுங்கள். எழுதியவர் உங்கள் பழைய கைடு என்று தெரிந்தாலோ, நீங்களும் அதே கிணறுகளை ஆய்வு செய்துகொண்டிருந்தாலோ, முதலில் எடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதிலுள்ள அட்டவணையை எடுத்து உங்கள் தீசிஸில் சேர்க்கக் கூடாது. நேரமில்லை என்று அந்த மதிப்பீட்டு வேலையை எடிட்டருக்குத் தெரியாமல் உங்கள் மாணவர் தலையில் கட்டவும் கூடாது. அந்த மாணவர் உழைப்புக்குப் பெயரும் கிடைக்காது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

தரவு பொய் என்றால் எழுதியவர் தப்ப முடியாது, அது சரி. ஆனால் புகார் வந்தால் விசாரிக்க வேண்டியவர் எடிட்டர். ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளுக்காக 1997இல் பிரிட்டனில் தொடங்கிய 'கோப்' (COPE) அமைப்பு இதற்குப் படிப்படியான வழிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் இதழ் அதில் உறுப்பினரா என்று பேப்பர் அனுப்பும் முன்பே பாருங்கள்.