கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கிடலாமா?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். "வாங்கிடுங்க" என்பவரையும், "ஃபார்மட் அடிங்க, சரியாயிடும்" என்பவரையும் சேர்த்தே சொல்கிறேன். வயிற்றுவலி என்று வந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே மாத்திரை எழுதித் தருகிற கதைதான் இது.

ஐந்து வருடம் ஓடிய பிராசசர், முதல் நாள் போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடும். அப்படியும் மெஷின் திணறுகிறது என்றால், பெரும்பாலும் அது எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கில் இருந்து ஃபைல் வர வேண்டும், ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இடம் காலியாக வேண்டும், அல்லது சூடு தணிய வேண்டும். இந்த மூன்றில் எது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் பணத்தைச் செலவழிக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் ஒரு ரீஸ்டார்ட். "தினமும் ஷட் டவுன் பண்றேனே" என்பீர்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று கூடவே வருகிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள்தான் மூடப்படும். விண்டோஸின் உள் பகுதியும், கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும். முந்தாநாள் மாட்டிக்கொண்ட டிரைவர் இன்றும் மாட்டிக்கொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாக ஏறும். சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் (திறக்கும் விதம் அடுத்த பத்தியில்) சிபியு, அதாவது பிராசசர் பக்கத்தின் கீழே 'அப் டைம்' என்று இருப்பதைப் பாருங்கள். நேற்று இரவு ஷட் டவுன் செய்த மெஷின், 12 நாளாக ஓடுவதாகக் காட்டும். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும்.

ரீஸ்டார்ட் ஆனபின் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், அதைத் திறந்து வைத்தபடியே வழக்கமாக உங்களைக் கடுப்பேற்றும் வேலையைச் செய்யுங்கள். எந்தக் கோடு கூரையில் முட்டி நிற்கிறது?

பழைய மெஷின்களில் பெரும்பாலும் முட்டுவது டிஸ்க். 100 சதவீதம் என்று காட்டும். ஆனால் அதே பக்கத்தில் எவ்வளவு படிக்கிறது என்று பார்த்தால் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று ஊர்ந்துகொண்டிருக்கும். இது பலரைக் குழப்புகிற இடம். இவ்வளவு குறைவாகப் படித்துவிட்டு எப்படி 100 சதவீதம் பிஸி என்கிறது?

லேப்டாப்பில் இருக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லி செகண்ட். அதற்கு முன்னால் தலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர வேண்டும், அது ஏறத்தாழ 12. கூட்டிப் பாருங்கள்: அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்கச் சொன்னால் நொடிக்கு அறுபதைத் தாண்டாது. விண்டோஸ் துவங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். தலை ஓடி ஓடிக் களைக்கிறது, பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றவோ நகரவோ எதுவும் இல்லாததால் அதே வேலை ஒன்றுக்கு ஒரு மில்லி செகண்டின் சிறு பங்குதான் ஆகும்.

ஆக, டாஸ்க் மேனேஜரில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' நூறு, ஆயிரம் மில்லி செகண்ட் என்று எகிறினால், உங்களுக்குத் தேவை புது லேப்டாப் அல்ல, ஒரு எஸ்எஸ்டி. இதை அடித்துச் சொல்வேன். விளம்பரத்தில் நொடிக்கு 7000 எம்பி வேகம் என்று போட்டிருப்பதை நினைத்து ஏங்க வேண்டாம். பழைய மெஷினில் டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பு 600 எம்பிக்கு மேல் தராது. நமக்கு வேண்டியது அந்த வேகமும் அல்ல, காத்திருப்பு ஒழிவதுதான்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அளவு. இரண்டரை இஞ்ச் பெட்டி வடிவமா, எம்.2 என்கிற பட்டை வடிவமா? பட்டை வடிவத்திலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகை உண்டு. இரண்டுமே 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சாட்டாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு ஒரு வெட்டு. ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் மாடலின் மேனுவலில் எது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இரண்டு, உள்ளே இருக்கும் சிப். கியுஎல்சி வகை மலிவு. ஆனால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதினால் அதன் கேச் எனும் வேகமான தற்காலிக இடம் நிரம்பி, அதன்பின் ஹார்ட் டிஸ்க்கையும் விட மெதுவாகப் போகக்கூடும். டிஎல்சி கிடைத்தால் அதையே எடுங்கள். 500 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 465 என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

இரண்டரை இஞ்ச் டிஸ்க்கை மாற்றுவதற்கு ஒரு சாட்டா-யுஎஸ்பி கேபிளும் ஸ்டார் தலை ஸ்குரூ டிரைவரும் இருந்தால் போதும். ஆனால் கையை வைப்பதற்கு முன், முக்கியமான ஃபைல்களை மூன்றாவது ஓரிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். குளோன் செய்யும்போது, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதிதில் காப்பி எடுக்கும்போது, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்து, காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் காப்பி செய்தவர்கள் ஏராளம். அதற்கு மேல் அழுது பயன் இல்லை.

அடுத்து, பிட்லாக்கர் கீ, அதாவது விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டின் சாவி. டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருப்பதே பலருக்குத் தெரியாது; விண்டோஸ் நீங்கள் கேட்காமலே செய்து வைத்திருக்கலாம். 48 இலக்க ரெக்கவரி கீயை முதலிலேயே எழுதி வையுங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரி பூஜ்ஜியமாக இல்லையென்றால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. குளோன் பாதியில் தொங்கும். அப்போது குளோன் ஆசையை விட்டுவிட்டு, ஃபைல்களை மட்டும் காப்பாற்றி, புதிதில் விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவதே மேல். 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறிக்கொண்டே போனால் பழி டிஸ்க் மேல் அல்ல, பெரும்பாலும் கேபிள் மேல்.

திறக்கும் நேரத்தில் எல்லோரும் சறுக்குவது ஸ்குரூவில். லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் மேலே கை வைக்கும் இடத்தில் ஒரு பரு எழும்பும்; போர்டு மேலேயே குத்தினால் செலவு வேறு. ஒரு தாளில் அடிப்பாகத்தின் படத்தை வரைந்து, கழற்றிய ஸ்குரூவை அந்தந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தால் மெஷினைப் பயன்படுத்தாதீர்கள். அதை அமுக்காதீர்கள், நெம்பாதீர்கள்; மாற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

குளோன் முடிந்தபின் முதல் முறை புது டிஸ்க்கை மட்டும் வைத்து பூட் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால், சேர்த்து மாட்டினால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கிவிடும்.

ராம் கதை இதைவிடச் சின்னது. மெமரி பக்கத்தில் 85 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, கூடவே டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறது என்றால், ராமில் இடம் போதாமல் டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. 4 ஜிபியில் இன்றைய பிரவுசரை ஓட்டுவது, ஒற்றை ரூமில் கல்யாணம் நடத்துவது மாதிரி. 8 இருந்தால் சமாளிக்கலாம். 16 இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது, போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள். டிடிஆர்3 காலத்து லேப்டாப் சிலவற்றுக்கு 1.35 வோல்ட் வகைதான் ஆகும், 1.5 போட்டால் திரையே வராது. டிடிஆர்5 மாட்டிய முதல் தடவை, சில நிமிடம் கருப்புத் திரையாகவே நிற்கலாம். பயந்து பவரைப் பிடுங்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிஸ்க்கும் சும்மா இருக்கிறது, ராமும் காலி, ஆனாலும் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் படுத்துக்கொள்கிறதா? சூடு. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். காற்றடித்து எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போகும். இன்னொரு வினோதம்: சிபியு வேகம் 0.4, 0.8 என்று அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, சூடும் இல்லை என்றால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் சில லேப்டாப்கள் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இப்போது கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் போட்டு ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று பத்து தடவை அமுக்குவதால் ஐகான்கள் திரும்ப வரையப்படும். அவ்வளவுதான், வேகத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பிரீஃபெட்ச் ஃபோல்டரைத் துடைத்தால் வேகமாகும் என்பதும் தலைகீழ்: அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைச் சீக்கிரம் ஏற்றுவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்பு அது, அழித்தால் அடுத்த முறை தாமதமாகத்தான் திறக்கும். விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளைச் சுத்தம் செய்யும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களோ, சில கேபி குப்பையைக் கூட்டுகிறேன் என்று ஏதாவது ஒரு புரோகிராமை முடமாக்கும். கிளீனர் என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2017ல் சிகிளீனர் என்ற கிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே வைரஸைப் புகுத்தி, அதிகாரப்பூர்வ டவுன்லோட் வழியாகவே லட்சக்கணக்கான மெஷின்களுக்கு அனுப்பினார்கள். உண்மையில் துடைக்க வேண்டியது டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலை. 'ஹை' என்று இருப்பவற்றில் பாட்டு, சாட், அப்டேட்டர் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள். சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டதை மட்டும் தொடாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேர் சோதனை போட்டால் எப்படி ஓடும்?

ஃபார்மட் அடித்தால் வேகமாவது உண்மைதான். இந்த ஸ்டார்ட்அப் சுமை எல்லாம் போய்விடுவதால்தான் அது. டிஸ்க்கே நோஞ்சானாக இருந்தால் மூன்று மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்கிற இடமும் உண்டு. 4 ஜிபி ராமைப் போர்டிலேயே பற்றவைத்து, ஸ்லாட்டே இல்லாமல், 32 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த) ஸ்டோரேஜோடு வந்த லேப்டாப்பை ஒன்றும் செய்ய முடியாது. அது பிறக்கும்போதே முடிந்துபோன கதை. இன்னொன்று விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டு மெஷின்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடும் மெஷினை இந்த ஒரு காரணத்துக்காகக் குப்பையில் போடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பிரவுசர், மெயில், வீடியோ இவ்வளவுதான் வேலை என்றால் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் இன்னும் சில வருடம் உழைக்கும். பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்டபின் இன்ஸ்டால் செய்யலாம்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். புதிதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பின், ஆரோக்கியமான டிஸ்க்காக இருந்தால் யுஎஸ்பி கேஸில் போட்டு போட்டோ பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய ஃபைல்களை வரிசையாக எழுதுவதில் அது இன்னும் சளைத்ததல்ல. கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கவும் எஸ்எஸ்டியைவிட அதுவே தேவலை. வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது, அது பட்டியலை மட்டும்தான் கிழிக்கும், ஃபைல்கள் அங்கேயே இருக்கும். 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டு போகும். 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள்.