கானமயிலுக்கு மரம் நட வேண்டாம், புல்லை விட்டுவைத்தால் போதும்

சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் ஜெய்சல்மேர் பாலைவனத்தில் அந்த மின்சாரத்தைச் சுமந்து போகும் உயரழுத்தக் கம்பிகளில் மோதிக் கானமயில்கள் (மயில் இல்லை, Great Indian Bustard என்னும் பெரிய புல்வெளிப் பறவை) சாகின்றன, அதைத் தவிர்க்க முடியாத இழப்பு என்று சிலர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. மிஞ்சியிருப்பதே 150க்கும் குறைவு, அதிலும் பெரும்பாலானவை ராஜஸ்தானின் அந்தத் தார் பாலைவனப் பகுதியில்தான்.

கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், ஆண் என்றால் 15 கிலோ வரை எடை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பி கிட்டே வந்த பிறகு கண்ணில் பட்டாலும் அவ்வளவு கனமான உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தொண்டைப் பையை ஊதி முழங்காலளவு தொங்கவிட்டு, வாலை முதுகின்மேல் மடக்கி, அடித்தொண்டையில் முழங்கியபடி நிற்கும். பெட்டை கூடு கட்டாது, வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. அதையும் நாயும் நரியும் விட்டுவைக்க வேண்டும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்பப் பல வருஷம் ஆகும்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கம்பிகளைப் புதைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னது, சாத்தியமான இடங்களில் புதைக்கவே உத்தரவிட்டது. செலவு, தொழில்நுட்பம் என்று அரசு தரப்பில் காரணங்கள் அடுக்கப்பட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் போனது. அத்தனை பெரிய பரப்பிலும் புதைப்பது கஷ்டம்தான், சரி. பறவை இன்றும் முட்டையிடும் இடங்களிலாவது புதைக்கலாமே!

கம்பி மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்ல மாட்டேன். வருவாய்த்துறைக் கணக்கில் புல்வெளி என்றாலே தரிசுதான், அதனால் யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடலாம். பசுமையாக்குகிறோம் என்று அதில் சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்து நட்ட கொடுமையும் நடந்தது. நாலாபக்கமும் திறந்து கிடக்கும் நிலத்தை நம்பி வாழும் பறவைக்கு அந்த முள்காடு எதற்கு? அங்குள்ள கிராமத்தார் ஓரண் என்று தெய்வத்துக்கு விட்ட மேய்ச்சல் நிலங்கள், நம் ஊர்க் கோயில்காடு மாதிரி, அவைகூடத் தரிசுப் பட்டியலில் சேர்ந்து மின்திட்டங்களுக்குப் போகின்றன. ஆடுமாடு மேய்க்கும் அந்த ஜனங்கள் அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெய்சல்மேர் பக்கம் சம், ராம்தேவ்ரா என்ற ஊர்களில் உள்ள இனப்பெருக்க மையங்களில் கானமயில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலமாகவே ஒரு குஞ்சு பிறந்தது. அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். அப்புறம் அவற்றைத் திறந்துவிட நிலம் வேண்டும். ஓரண்களை முதலில் தரிசுக் கணக்கிலிருந்து நீக்குங்கள், மிச்சமிருக்கும் புல்வெளிக்குள் புதிய கம்பிகளை மேலே இழுக்காதீர்கள்.