மார்த்தாளுக்கும் கசப்புக்கும் என்ன சம்பந்தம்?

லூக்கா நற்செய்தியில் வரும் மார்த்தாள் என்ற பெயருக்குக் "கசப்பானவள்" என்று பொருள் சொல்லும் பெயர்ப் பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. தப்பு. அது எபிரேயப் பெயரே அல்ல, எபிரேயத்தின் உறவு மொழியான அரமேயம். பொருள் தலைவி, எஜமானி.

பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அரமேயத்தில் 'மாரே' என்றால் ஆண்டவன். தானியேல் 2:4 தொடங்கி 7-ஆம் அதிகாரம் முடிய மூலமே அரமேயம்தான். 2:47-இல் "ராஜாக்களுக்கு ஆண்டவர்" என்று நாம் வாசிப்பது அங்கே 'மாரே மல்கீன்'. இந்த 'மார்' உடன் பெண்பாலுக்கு ஒரு 'த்', கடைசியில் ஒரு 'ஆ': மார்த்தா. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்ட எபிரேயம் சொல்லுக்கு முன்னால் 'ஹ' போடும். அரமேயம் பின்னால் 'ஆ' போடும். பேதுருவின் அரமேயப் பெயரான கேபாவில் இருப்பதும் அதே 'ஆ'தான். தமிழ் வேதாகமத்தில் வரும் 'ள்' மொழிபெயர்ப்பாளர்கள் நமக்காக ஒட்டியது.

சங்கீதம் 119-இன் தலைப்புகளில் உள்ள எபிரேய எழுத்துகளால் எழுதினால் மேம், ரேஷ், தௌ, ஆலெப். 'மாரே'யின் ஆலெப் நடுவில் காணோமே என்பீர்கள். ஒலிப்பில் தேய்ந்துபோனது. தானியேல் 4:19-இல் "என் ஆண்டவனே" என்ற இடத்தில் அந்த ஆலெப் எழுத்தில் இருக்கிறது, வாசிப்பு மரபில் இல்லை.

கசப்பு எங்கிருந்து வந்தது? ரூத் 1:20-இல் நகோமி தன்னை 'மாராள்' என்று கூப்பிடச் சொல்கிறாள். அது கசப்பைக் குறிக்கும் எபிரேயச் சொல். அதன் வேரில் ரேஷ் இரண்டு முறை வரும்; 'மாரே'யில் ஒரு முறைதான். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: யாத்திராகமத்தில் கசப்புத் தண்ணீர் இருந்த இடமான 'மாரா' ஹே எழுத்தில் முடிய, ரூத்தில் மட்டும் ஆலெப்பில் முடிகிறது. எழுத்தை மட்டும் பார்த்தால் அரமேய ஆண்டவனேதான்! வேரைப் பார்க்காமல் பொருள் சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

மார்த்தாவின் சொந்தக்காரர்கள் நம் காதில் தினமும் விழுகிறார்கள். "எங்கள் ஆண்டவரே, வாரும்" என்னும் 'மாரநாதா'வின் முன்பாதி, கேரளத்து 'மார் தோமா'வின் 'மார்', எல்லாம் ஒரே வேர்.

லூக்கா 10-இல் விருந்து உபசரித்ததால்தான் அவளுக்கு "வீட்டுத் தலைவி" என்று பெயர் வந்தது என்ற பிரசங்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து யூதேயாவில் அது சர்வசாதாரணப் பெயர். இறந்தவர்களின் எலும்புகளை வைத்த, எருசலேமைச் சுற்றிக் கிடைத்த பேழைகளிலும் பொறித்திருக்கிறார்கள். அதற்கும் முன்பே, ரோமத் தளபதி மாரியுஸ் பல்லக்கில் கூட்டிக்கொண்டு திரிந்த சிரியாக்காரக் குறிசொல்லியின் பெயரும் மார்த்தாதான் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.